புனோம் பென் நகரில் நாங்கள் கண்டதும் கற்றதும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று நம் பெரியோர் கூறுவர். கொடுப்பவர் தம் கையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கம்போடியா நாட்டின் தலைநகரான புனோம் பெனில் நாங்கள் கற்றுக்கொண்டோம். மாணவியர் ஒன்பது பேரும் அருட்சகோதரிகள் இருவரும் எட்டு நாட்கள் அங்கே தங்கினோம். தொண்டு நிறுவனங்களைப் பார்வையிடுவதும் நகரைச் சுற்றிப் பார்ப்பதும் எங்கள் நோக்கம். பள்ளி விழாவில் முறுக்கும் வாழ்த்து அட்டைகளும் விற்றுச் சேர்த்த 18,400 ரூபாயும், ஒரு பெட்டி நிறைய மிட்டாயும் பொம்மைகளும் எங்களோடு வந்தன. இனி இப்படிப் பயணம் செய்யவிருக்கும் தோழியருக்குப் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறோம்.

நான்கு முகம் கொண்ட நகரம்

மேகாங், தொன்லே சாப், பாசாக் ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் புனோம் பென் அமைந்துள்ளது. ஆற்றின் கிளைகள் நான்கு திசைகளில் பிரிவதால் 'நான்முகம்' என்ற பொருள்படும் 'சக்தொமுக்' என்னும் பழைய பெயரும் அதற்கு உண்டு. தொன்லே சாப் ஆறு விந்தையானது. மழைக்காலத்தில் மேகாங்கில் வெள்ளம் பெருகும்போது அந்நீர் தொன்லே சாப்பைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆறு திசை மாறி வடக்கே உள்ள பேரேரியை நோக்கி ஓட, ஏரி பல மடங்கு விரிகிறது. மழை ஓய்ந்ததும் நீர் மீண்டும் கடலை நோக்கித் திரும்புகிறது. இதை ஒட்டியே அங்கே படகுப் பந்தயங்களுடன் நீர்த் திருவிழா கொண்டாடுகின்றனர்.

நகரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரை போல் செல்கின்றன. சாலையைக் கடக்க முதல் நாள் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது! நடுவில் நிற்காமலும் ஓடாமலும் ஒரே சீராக நடந்தால் வண்டிகள் தாமே விலகிச் செல்லும் என்று வண்டியோட்டி ஒருவர் கற்றுக்கொடுத்த பிறகே தைரியம் வந்தது.

அரண்மனை வளாகத்தில் உள்ள வெள்ளிக் கோயிலின் தரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளித் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1937-இல் கட்டி முடிக்கப்பட்ட மத்தியச் சந்தையின் மஞ்சள் நிறக் குவிமாடத்தின் கீழ் வெயில் தெரிவதில்லை. 1920-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் திருமாலும் சிவனும் ஒரே உருவாக அமைந்த ஹரிஹரர் சிலையைக் கண்டு வியந்தோம். கெமர் எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்தது என்று அறிந்தபோது, படிக்கத் தெரியாத கடைப் பலகைகள் கூடத் தூரத்து உறவினர் போலத் தோன்றின.

பள்ளிக்கூடமாக இருந்த சிறை

நான்காம் நாள் துவோல் சிலெங் சென்றோம். அது முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் நகரைக் கைப்பற்றி, நோயாளிகளையும் முதியவர்களையும் கூட விடாமல் மக்கள் அனைவரையும் வயல்வெளிகளுக்கு விரட்டினர். பள்ளி சிறையாயிற்று. வகுப்பறைகளைச் செங்கல் சுவர்களால் ஓராள் படுக்கும் அளவுக்குத் தடுத்தனர். பல்லாயிரவர் அங்கே அடைக்கப்பட்டனர். உயிர் பிழைத்தோர் மிகச் சிலரே. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி வீழ்வதற்குள் நாடெங்கும் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். ஆசிரியர்களும் மருத்துவர்களும் கலைஞர்களும் அவர்களில் ஏராளம். 2025-இல் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்தத் தாழ்வாரம் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தைப் போலவே இருந்தது. எங்களுள் யாரும் பேசவில்லை. இந்நகரில் ஏன் இத்தனை தொண்டு நிறுவனங்கள் தோன்றின என்பதற்கு விடை அங்கேதான் கிடைத்தது. ஒரு தலைமுறை ஆசிரியர்களை இழந்த நாடு எழுத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

எங்கள் தவறு

இப்போது இரண்டாம் நாளுக்குத் திரும்புகிறோம். அன்று எங்கள் பயண நிரலில் ஒரு குழந்தைகள் இல்லம் சேர்க்கப்பட்டிருந்தது. வேனை விட்டு இறங்கியதும் சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினர். மிட்டாயையும் பொம்மைகளையும் வழங்கினோம். நான்கு வயதிருக்கும் ஒரு சிறுமி எங்களுள் ஒருத்தியின் மடியில் ஏறி, அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். அனைவரும் படம் எடுத்தோம். நாற்பது நிமிடங்களில் ஓட்டுநர் ஒலி எழுப்பினார். அழுவாளே என்று கலங்கினோம். அவள் அழவில்லை. நாங்கள் வாயிலைக் கடக்கும்போது அடுத்த வேன் வந்து நின்றது. அச்சிறுமி ஓடிப்போய் வரிசையில் நின்றாள். அதே பாட்டு தொடங்கியது.

அன்று இரவு சிஸ்டரிடம், "ஏன் சிஸ்டர் மனசு இப்படி இருக்கு?" என்று கேட்டோம். சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "பிள்ளைகளே, முன்பின் தெரியாத பதினொரு பேர் நம் விடுதிக்கு வந்து, உங்களை மடியில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போனால் நான் விடுவேனா? இன்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையதும்தான்" என்றார்.

பின்னர் விசாரித்தபோது தெரிந்தது இது: கம்போடியாவில் 2005-இல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010-இல் 269 ஆகப் பெருகின. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் எண்ணிக்கை ஏன் கூடியது? இல்லங்களில் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வறுமையால், பிள்ளை படிக்கட்டும் என்று பெற்றோர் அனுப்புகின்றனர். பார்வையாளர் பணம் தருகின்றனர். பணம் வருவதால் மேலும் இல்லங்கள் தோன்றுகின்றன. அவற்றை நிரப்ப மேலும் பிள்ளைகள் தேவைப்படுகின்றனர். இரக்கமே இச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. எல்லா இல்லங்களும் தீயவை அல்ல. ஆனால் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இல்லம் பிள்ளைகளைக் காக்கும் இல்லமாகாது. 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருட்கள் அல்லர்' என்று அந்நகரிலேயே ஓர் இயக்கம் எடுத்துரைத்து வருகிறது.

நல்ல தொண்டு எவ்வாறு நடைபெறுகிறது?

எஞ்சிய நாட்களில் வேறு வகைப் பணிகளைப் பற்றி அறிந்தோம். 'நல்ல நண்பர்கள்' எனப் பொருள்படும் 'மித் சம்லான்' 1994-இல் தொடங்கப்பட்டது. தெருவில் வாழும் பிள்ளைகளைக் குடும்பத்தோடும் பள்ளியோடும் சேர்ப்பதும், வளர்ந்தவர்களுக்குச் சமையல், தையல், மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தல் போன்ற தொழில்களைப் பயிற்றுவிப்பதும் அதன் பணி. பயிற்சி பெறுவோர் நடத்தும் உணவகத்தில் பணம் கொடுத்து உண்பதே பார்வையாளர் செய்யும் உதவி. அங்கே நாம் இரக்கம் காட்டுவதில்லை, பசியாறுகிறோம். அவர்கள் கூலி பெறுகிறார்கள்.

ஸ்தங் மியான்சே என்னும் குப்பை மேட்டில் குப்பை பொறுக்கிய பிள்ளைகளைக் கண்டு, 1990-களின் நடுவில் பிரெஞ்சுத் தம்பதியர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் அவர்கள் கொடுத்தது அன்றாடம் ஒருவேளை உணவு. பிறகு பள்ளி. பிள்ளை பள்ளிக்குப் போனால் அதன் கூலி நின்றுவிடுமே! ஆகவே வீட்டுக்கு அரிசியும் தந்தனர். குப்பை மேடு 2009-இல் மூடப்பட்டது. பள்ளிப் பணியோ தொடர்ந்து வளர்ந்தது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காமல் வீட்டையே தாங்கிப் பிடித்தது எங்கள் உள்ளத்தைத் தொட்டது.

சுவிஸ் மருத்துவர் பியட் ரிச்னரைப் பற்றியும் கூற வேண்டும். 1974-75-இல் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவர் கெமர் ரூஜ் வந்தபோது நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்து 1992-இல் அதை மீண்டும் திறந்தார். எந்தக் குழந்தைக்கும் சிகிச்சை இலவசம். நிதி திரட்டுவதற்காகத் தாமே செல்லோ என்னும் இசைக்கருவியை வாசித்தார். சியெம் ரியப் நகரில் அவர் இசை கேட்க வந்த பயணிகளிடம், இளைஞர்கள் இரத்தமும் முதியவர்கள் பணமும் தரும்படி வேண்டினார். குழந்தைகளைப் பார்க்க வாருங்கள் என்று அழைக்கவில்லை. 2018-இல் அவர் மறைந்தார்.

தோழியருக்கு எங்கள் யோசனைகள்

ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாம் போகாவிட்டால் அங்குள்ளவர்களுக்கு என்ன குறையும்? நாம் செய்யப் போகும் வேலையை அவ்வூர்க்காரர் ஒருவர் கூலி பெற்றுச் செய்ய முடியாதா? நம்மைப் பற்றி விசாரிக்காமல் பிள்ளைகளோடு பழக விடுகிறார்களா? முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் குறிக்கும் நேரத்தில் மட்டும் செல்லுங்கள். தெருவில் விற்கும் சிறு பிள்ளைகளிடம் பொருள் வாங்காதீர்கள். அந்த வருவாய் அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும். பெரியவர்கள் நடத்தும் கைத்தொழில் கடைகளில் வாங்குங்கள். கோயில்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். நம்மைப் போலவே கைகூப்பி வணங்குங்கள். 'ஓக்குன்' என்றால் நன்றி.

எங்கள் 18,400 ரூபாயைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்து இரசீது பெற்றோம். சிஸ்டர் இரத்த தானம் செய்தார். எங்களுக்கோ இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை.

ஆண்டு மலர் ஆசிரியை எங்களிடம் இக்கட்டுரைக்கு ஒரு படம் கேட்டார். எங்கள் மடியிலிருந்த அச்சிறுமியின் படம்தான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. அவள் பெயரைக் கூட நாங்கள் கேட்டு வரவில்லை. ஆகவே அதைத் தரவில்லை. ஆற்றின் படத்தைக் கொடுத்திருக்கிறோம்.