திறன்பேசியில் திறக்கும் நீதிமன்றக் கதவு

துப்புரவுப் பணியாளர் ஒருவர் தம் வீவக வீட்டின் சமையலறைக்கு 900 வெள்ளி கொடுத்து அலமாரி ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருத்திய இரண்டாம் வாரமே அதன் கதவு கழன்று விழுகிறது. பலகை ஊறி உப்பிவிடுகிறது. கடைக்காரரோ, “இன்று வருகிறேன், நாளை வருகிறேன்” என்று இழுத்தடிக்கிறார். ஒரு மாதத்திற்குப் பிறகு தொலைபேசி அழைப்பையும் எடுப்பதில்லை. அந்தப் பணியாளர் என்ன செய்வார்? வழக்கறிஞரை நாடினால், கட்டணம் அலமாரியின் விலையைத் தாண்டிவிடும். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்னும் பழமொழி இந்நிலைக்கு நன்கு பொருந்தும்.

இத்தகைய வழக்குகளை விசாரிக்கவே சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு முதல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இயங்கி வருகிறது. 2019 நவம்பர் முதல் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கிறது. இரு தரப்பினரும் இணங்கினால் 30,000 வெள்ளி வரை கோரலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்கு நுகர்வோர் செலுத்த வேண்டிய கட்டணம் 10 வெள்ளி மட்டுமே. இங்கு வழக்கறிஞர்கள் வாதாட அனுமதியில்லை. வழக்கில் தொடர்புடையவர்களே தங்கள் தரப்பை எடுத்துரைக்க வேண்டும்.

ஆகவே, பணம் பெரிய தடையாக இருக்கவில்லை. நேரம்தான் தடையாக இருந்தது. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஒருவர், படிவம் கொடுக்க ஒரு நாளும் பேச்சுவார்த்தைக்கு ஒரு நாளும் விடுப்பு எடுத்தால், இரண்டு நாள் கூலியை இழக்கிறார். அவ்வளவு சிரமம் எதற்கு என்று பலர் தங்களுக்கு வர வேண்டிய பணத்தை விட்டுவிடக்கூடும்.

2017 ஜூலையில் இந்நடுவர் மன்றத்திற்கென இணையவழி முறை ஒன்று தொடங்கப்பட்டது. இப்போது நம் பணியாளர் வேலை முடிந்து வீடு திரும்பியபின், இரவு பதினொரு மணிக்கும் சிங்பாஸ் மூலம் நுழைந்து தம் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். அலமாரியின் படம், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், ரசீது ஆகியவற்றைத் திறன்பேசியிலிருந்தே சேர்க்கலாம். (கடை ரசீதின் எழுத்துகள் சில மாதங்களில் மங்கிவிடும். அதை அன்றே படமெடுத்து வைப்பவர் புத்திசாலி.)

இம்முறையின் சிறந்த பகுதி இணையவழிப் பேரம் என்றே சொல்லலாம். “900 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள்” என்று பணியாளர் கேட்கிறார். “500 தருகிறேன்” என்று கடைக்காரர் பதிலளிக்கிறார். “700 என்றால் சம்மதம்” என்று இவர் எழுதுகிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. நேரில் நின்றால் வார்த்தை தடித்துவிடும். எழுதும்போது சற்று யோசிக்க இடமிருக்கிறது. உடன்பாடு எட்டினால், அதையே மன்றத்தின் ஆணையாகப் பெற விண்ணப்பிக்கலாம். எட்டாவிட்டால் சமரசப் பேச்சு உண்டு. அதுவும் பயனளிக்காவிட்டால் மட்டுமே வழக்கு விசாரணைக்குச் செல்கிறது.

வழக்கறிஞர்களின் பணியும் மாறிவிட்டது. நீதிமன்ற ஆவணங்களை மின்னிலக்க முறையில் தாக்கல் செய்வது இங்கு 2000ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2020இல் கொவிட்-19 கிருமிப்பரவலின்போது பல விசாரணைகள் காணொளிவழி நடந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவு நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சில நிமிடங்களில் சுருக்கித் தருகிறது. ஆனால், அது இல்லாததையும் இருப்பதுபோல் எழுதிவிடும். 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். அதற்காக அவர்களுக்கு 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டி, இக்கருவிகளைத் தடை செய்யவில்லை. எனினும், ஆவணத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதைச் சமர்ப்பிப்பவரே பொறுப்பு என்று அது தெளிவாகக் கூறுகிறது.

தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்காவணங்களைச் சீனம், மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் படித்துப் புரிந்துகொள்ள, செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்பு வசதி அறிமுகமாகியுள்ளது. ஆங்கிலம் அதிகம் அறியாத பெரியவர்களுக்கு இது பேருதவி. ஆயினும், ‘டெபாசிட்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் போட்டால் அது வைப்புத்தொகை; வீட்டு உரிமையாளரிடம் கொடுத்தால் பிணைத்தொகை; கடையில் கொடுத்தால் முன்பணம். பிணைத்தொகையைத் திரும்பக் கேட்பவரின் வழக்கில் ‘வைப்புத்தொகை’ என்று வந்துவிட்டால், படிப்பவர் குழம்பித்தான் போவார். இயந்திரம் தந்த தமிழைத் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது.

தொழில்நுட்பத்தால் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. 900 வெள்ளியைத் திருப்பித் தருமாறு மன்றம் ஆணையிட்ட பிறகும் கடைக்காரர் பணம் தராவிட்டால், அந்த ஆணையை நிறைவேற்றப் பணியாளர் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேலும் செலவாகும். கடை மூடப்பட்டிருந்தால் பணம் கிடைக்காமலும் போகலாம்.

திறன்பேசியில் படிவம் நிரப்பத் தெரியாத முதியோருக்கோ முதல் படியே கடினம். பல வீடுகளில் பேரப்பிள்ளைகளே அவர்களுக்கு உதவுகிறார்கள்; உங்களில் சிலரும் உதவியிருப்பீர்கள். ஆனால், சிங்பாஸ் மறைச்சொல்லைக் குடும்பத்தாரிடமும் சொல்லக் கூடாது. எனவே, தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துச் சொல்லி, அவர் சொன்னதை மட்டும் எழுதி, அனுப்பும் பொத்தானை அவரையே அழுத்தச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.