கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்

சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 அன்று காலை ஒரு வீட்டில் கேஸ் வெடித்தது. அந்த வீட்டோடு போகவில்லை. ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து இடிந்து விழுந்தன. இடிபாட்டில் சிக்கி இறந்தவர்களில் ஒருவர் தீயணைப்புத் துறை அதிகாரி. ஊரார் வீட்டுத் தீயை எல்லாம் அணைத்தவர், அக்கம்பக்கத்துச் சமையலறையில் கசிந்த வாயுவுக்குப் பலியானார்.

இப்படி எது நடந்தாலும் ‘சிலிண்டர் வெடித்தது’ என்றுதான் சொல்கிறோம். பல விபத்துகளில் சிலிண்டர் உடையாமல் முழுசாகவே கிடக்கும். வெடித்தது அறையில் நிறைந்த வாயு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். பத்துக்குப் பத்து அறை முழுவதும் அந்த அளவை எட்ட ஒன்றேகால் கிலோ கேஸ் போதும். தரையோரம் தேங்கி நிற்பதால் அதைவிடக் குறைவே ஆபத்தாகிவிடும். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ.

இந்த வாயுவுக்கு இயற்கையில் வாடை கிடையாது. நாம் உணரும் அழுகல் நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. வாயுவில் நாற்றம் கலந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சட்டம் போட்டதற்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. அங்கே நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், செலவை மிச்சப்படுத்த எண்ணெய் வயல் குழாயிலிருந்து வாடையில்லாத வாயுவை இழுத்துப் பயன்படுத்தினார்கள். அது கசிந்து கட்டடத்துக்கு அடியில் நிறைந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், பட்டறை வகுப்பில் ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது.

இவ்வளவு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கையை நாம் எப்படி மதிக்கிறோம்? வாடை வந்ததும் கை முதலில் லைட் சுவிட்சுக்குப் போகிறது. இல்லையென்றால், நாற்றம் போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறோம். உயிரைக் குடிப்பது இதுதான். சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். தொடவே தொடாதீர்கள். எரியும் சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். போன் பேசுவது தெருவுக்கு வந்த பிறகு. பிரிட்ஜ் சமையலறையிலேயே இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். யாரும் தொடாமலே அது தானாக ஓடும், நிற்கும்; அந்த நொடியில் பொறி பறக்கலாம். அதனால்தான் இரவு படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடச் சொல்கிறார்கள்.

புது சிலிண்டரின் வாயில் நூலில் ஒரு பிளாஸ்டிக் மூடி தொங்கும். பல வீடுகளில் முதல் வேலையாக அதை அறுத்து எறிந்துவிடுகிறார்கள். வால்வு கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த மூடியை அழுத்திப் பொருத்திக் கசிவை நிறுத்தலாம். நூலோடு அப்படியே இருக்கட்டும். சிலிண்டர் வந்ததும் கொண்டுவந்தவரை நிற்கவைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, அவசரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களுக்கே சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழி வருகிறதா என்று தெரியும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பது பதற வைக்கிறது.

டியூப் விஷயத்தில்தான் நம் கஞ்சத்தனம் அதிகம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, வெடிப்பு விட்டு, அடுப்புப் பக்கம் கருகிய டியூபோடு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஸ்டவ்வை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சில நூறு ரூபாய்க்காக இந்த ஆபத்து எதற்கு?

வயதானவர்களுக்கு மோப்பம் குறைந்திருக்கும். சளிப் பிடித்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டில் கசிவு அலாரம் அவசியம். சிலிண்டர் என்றால் அலாரத்தைத் தரையோரம் மாட்டவேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்குக் கூரையோரம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீட்டில், கேஸ் விபத்தில் இறந்தவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை உண்டு. நாம் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. விபத்து நடந்தவுடன் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

இன்று சமையல் முடிந்ததும் டியூபில் உள்ள தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். கசிவுக்கு உதவி கேட்க இரவு பகல் எந்நேரமும் அழைக்கவேண்டிய எண் 1906. வீட்டில் எல்லோர் போனிலும் அதைப் பதிந்து வையுங்கள்.