ஆயிரங்கால் மண்டபத்துக்கு ஏன் அத்தனை கால்கள்?

மதுரை ஸ்ரீமீனாட்சி சுந்தரேஸ்வரர் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்பவை 985 தூண்கள். அரியநாத முதலியாரின் திருப்பணி அது. சிற்ப அழகுக்காகவும் நாயக்கர் காலப் பெருமிதத்துக்காகவும் இத்தனை தூண்களை நிறுத்தினர் என்றே தரிசிக்க வரும் அன்பர்களில் பலர் எண்ணுவர். அழகும் பெருமிதமும் உண்மைதான். ஆயினும் முதற்காரணம் தலைக்கு மேலே, உத்தரத்தில் இருக்கிறது.

கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசைக்கு எதிராக அதனிடம் இல்லை. இரு தூண்களின் மேல் கிடத்திய உத்தரத்தில் கூரையின் பாரம் இறங்கும்போது, அதன் மேற்புறம் அழுத்தப்படுகிறது, அடிப்புறமோ இழுபடுகிறது. தூண்களின் இடைவெளி கூடினால் உத்தரம் அடியிலிருந்து விரிசல் கண்டு முறியும். ஆகவே கற்கூரை வேய விரும்பியவர் தூண்களை நெருக்கி நிறுத்தியே ஆகவேண்டும். தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டியது போல் அமைந்த போதிகையும் இதற்காகவே பிறந்தது. உத்தரம் தாங்கலின்றிக் கிடக்கும் நீளத்தை அது குறைத்துவிடுகிறது. தாமரை மொட்டாகத் தொங்கும் அதன் நுனியை அண்ணாந்து ரசிப்பவர்கள், அது செய்யும் வேலையையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இது தமிழகத்துக்கு மட்டும் வாய்த்த இக்கட்டன்று. எகிப்தின் கர்னாக் ஆலயப் பெருமண்டபத்தில் 134 தூண்கள். நடுவிலுள்ள பன்னிரண்டும் ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். அங்கும் உத்தரம் கல்லே. அதனால் அங்கும் அதே நெருக்கம். பாரசீகர் வேறு வழி கண்டனர். பெர்சிபோலிஸ் நகரின் அரச மண்டபத்தில் 72 கல்தூண்களின் மேல் தேவதாரு மர உத்தரங்களை ஏற்றினர். மரம் இழுவிசையையும் தாங்குமாதலால், தூண்களை எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில் நிறுத்த முடிந்தது. ஆனால் கி.மு. 330 இல் அலெக்ஸாண்டரின் படை வைத்த தீயில் அந்நகரின் கூரைகள் எரிந்தன. இன்று அங்கே சில தூண்கள் மட்டுமே வெட்டவெளியில் நிற்கின்றன.

நம் சிற்ப நூலார் தூணை வெறும் தாங்குகல்லாகக் கருதவில்லை. நாற்பட்டைத் தூணைப் பிரம்மகாந்தம் என்றும், எண்பட்டையை விஷ்ணுகாந்தம் என்றும், பதினாறு பட்டையை ருத்ரகாந்தம் என்றும் மானசாரம் வகுக்கிறது. ஒரே தூணில் கலசம், தாடி, கும்பம், பலகை, வீரகண்டம் என உறுப்புக்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. கல்வெட்டு இல்லாத மண்டபத்தின் காலத்தைப் போதிகையைக் கொண்டே ஆய்வாளர் கணிப்பதும் உண்டு. அலைபோல் வரியோடினால் பல்லவர் பாணி. பூமொட்டாகத் தொங்கினால் விஜயநகரத்தாரும் அவருக்குப் பிந்தியவரும் கையாண்ட பாணி.

மரக்கூரை எரியும், கல் மண்டபத்தைத் தீ என்ன செய்துவிடும்? இந்த நம்பிக்கை 2018 பிப்ரவரி 2 ஆம் நாள் இரவு மதுரையிலேயே பொய்த்தது. மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குப் பகுதியில் உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகள் தீப்பற்றின. தூண்கள் வெடித்தன, கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கருங்கல்லில் பல கனிமங்கள் கலந்துள்ளன. வெப்பத்தில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிகின்றன. அவற்றுள் ஒன்றான குவார்ட்ஸ், 573 டிகிரி செல்சியஸை எட்டும்போது உள்ளமைப்பே மாறிச் சட்டெனப் பருக்கிறது. உள்ளிருந்தே கல் பிளக்கிறது. அப்படிப் பிளந்த தூணின் மேல் கூரை பத்திரமாக நிற்காது.

பழுதுற்ற கற்பணியைப் புதுப்பிப்பதும் எளிதன்று. ஏதென்ஸ் நகரின் பார்த்தினன் ஆலயத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் சீரமைப்பு நடந்தது. பண்டைக் கிரேக்கர், கற்களைப் பிணைத்த இரும்புப் பற்றுக்களின்மேல் ஈயத்தை உருக்கி வார்த்துத் துரு ஏறாமல் காத்திருந்தனர். புதிய சீரமைப்பிலோ இரும்பு அப்படியே வைக்கப்பட்டது. இரும்பு துருவேறிப் பருத்தது, பளிங்கு பிளந்தது. பிற்காலத்தில் வந்த வல்லுநர்கள் அந்த இரும்பை அகற்றி, துருவேறாத டைட்டானியத்தைப் பொருத்தும் பணியில் பல பத்தாண்டுகளைச் செலவிட நேர்ந்தது.

வீரவசந்தராயர் மண்டபத்துக்கு அத்தகைய ஒட்டுவேலை உதவாது. வெடித்த தூணுக்கு ஈடாக முழுத்தூணே வேண்டும். பழுதற்ற நீண்ட கல்லைத் தேர்ந்து, பழைய தூணின் அளவும் உறுப்புக்களும் பிசகாமல் செதுக்கி நிறுத்தவேண்டும். அதற்கான கல் நாமக்கல் மாவட்டத்தில் வெட்டப்பட்டது. கடைகளுக்கு அங்கே இனி இடமில்லை.