சாப்பாட்டுப் பார்சலும் மார்க்கமும்

2017 மார்ச் மாதம் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் பள்ளிக்கூடங்களைப் பூட்ட வேண்டி வந்தது. யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை ஊரை முடக்கியது நுளம்பு. அந்த ஆண்டு இலங்கை முழுவதும் 1,86,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நாடு அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. அந்தப் பெருந்தொற்று முதலில் பலமாக அடித்த ஊர்களில் கிண்ணியாவும் ஒன்று. ஆஸ்பத்திரியில் கட்டில்கள் போதவில்லை. ஊரில் ஒன்றன்பின் ஒன்றாக ஜனாஸாக்கள், அதாவது இறுதிச் சடங்குகள்.

டெங்கு நுளம்பு சாக்கடை தேடிப் போவதில்லை. வீட்டு முற்றத்தில் கவனிக்காமல் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, மூடாத தண்ணீர்ப் பீப்பாய் என்று தெளிந்த நீர் தேங்கும் இடத்தில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும். ஆகவே ஒருநாள் துப்பரவு செய்து பயனில்லை; வாராவாரம் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் யாராவது குனிந்து பார்க்க வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களால் மட்டும் ஆகிற வேலையல்ல இது. இதைச் செய்ய ஊர்ப் பிள்ளைகள் வேண்டும். முன்பின் தெரியாதவரை வீட்டுப் பின்வளவுக்குள் யாரும் விடமாட்டார்கள். பள்ளிவாசலில் தினமும் பார்க்கிற பையன்களை விடுவார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் முஸ்லிம் இளைஞர்களின் பொதுத்தொண்டைப் புரிந்துகொள்ள அந்தப் பின்வளவிலிருந்து தொடங்குவதே சரி. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, நகரத்துக்குள் ஜமாலியா என்று எங்கு போனாலும் ஒரு மஹல்லாவின், அதாவது ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த சுற்றுவட்டாரத்தின், குடும்பங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தெரிந்தவை. யார் வீட்டில் நோயாளி, எந்த விதவைக்கு உழைக்கிற பிள்ளை இல்லை, எந்த வீட்டில் மையித்து என்பதெல்லாம் அரசாங்கப் படிவத்துக்கு வருமுன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். கப்ர் (புதைகுழி) வெட்டுவது, ஜனாஸாவைத் தூக்குவது, றமழானில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பகிர்வது, இரத்ததான முகாமுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் பெரும்பாலும் இளைஞர்களின் தோளில்தான் விழும்.

இதற்குப் பின்னால் தெளிவான மார்க்க விளக்கம் உண்டு. ஃபர்ளு கிஃபாயா என்ற கடமை வகையை இஸ்லாமியச் சட்டம் வகுத்திருக்கிறது. ஊரில் சிலர் அதைச் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. இறந்தவரைக் குளிப்பாட்டி, தொழுவித்து, அடக்குவது அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. இந்தச் சிந்தனையில் வளர்ந்த ஒரு பையனுக்கு, நான் போகாவிட்டால் யார் போவது என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதேபோல, ஸகாத் யார் யாருக்கு உரியது என்று எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுக்கிறது. தானாக மனமுவந்து கொடுக்கும் ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. அதை அயல்வீட்டு இந்துவுக்கும் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் கொடுக்கலாம்.

இளைஞர்களை அமைப்பாகத் திரட்டும் வேலையும் இலங்கையில் புதிதல்ல. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் என்ற பெயர் பெற்றவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவையைத் தொடங்கியவர் அவர்தான். வை.எம்.எம்.ஏ. என்று ஊரில் சொல்வது அதைத்தான். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக இருந்த காலத்தில் அவர் வாலிபர்களிடம் எதிர்பார்த்தது படிப்பும் பொதுப்பணியும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதை. இன்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் இயங்கும் சங்கங்கள் பலவற்றின் வேலைமுறையில் அந்த எதிர்பார்ப்பின் தடம் தெரிகிறது.

திருகோணமலை மாவட்டத்தில் தொண்டுக்கு எப்போதும் ஒரு விலை இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிண்ணியாவின் கரையோர ஆஸ்பத்திரியை அழித்துப்போட்டது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது பல்லாயிரம் பேர் ஊரைவிட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். அந்த நாட்களில்தான் மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பலர் இளவயதினர். சுனாமியில் நொந்த மக்களுக்குத் தண்ணீரும் கழிப்பிட வசதியும் கொடுக்கப் போன பிள்ளைகள் அவர்கள். மூதூரில் சமூகத் தொண்டைப் பற்றி எழுதும் எவரும் அந்த 17 பேரைத் தாண்டிப் போகக் கூடாது.

கரையில் ஆபத்து வந்தால் முதலில் குதிப்பவர்களும் பக்கத்தில் இருப்பவர்களே. 2009இல் திறந்த 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் ஒருபக்கத் துயரைத் தீர்த்தது. குறிஞ்சாக்கேணியிலோ பாலவேலை முடியாமல் இருந்தபோது சனம் படகுப் பாதையில்தான் கடந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். தண்ணீருக்குள் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்களில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். உயிர்காக்கும் நீச்சல் பயிற்சி இந்த ஊர்களின் ஒவ்வொரு வாலிபர் சங்கத்துக்கும் கிடைக்க வேண்டும். களப்பும் கடலும் ஆறும் சூழ்ந்த ஊருக்கு அது மிகையான கோரிக்கையே அல்ல.

இனி, மார்க்கத்தை எடுத்துச் சொல்வது பற்றி. தஃவா எனப்படும் இந்தப் பணி ஒவ்வொரு முஸ்லிமுக்கும் உள்ள பொறுப்பு என்று கற்றுக்கொடுக்கப்படுகிறது. மாவட்ட மக்களில் பத்துக்கு நாலு பேருக்குக் குறையாமல் முஸ்லிம்கள். மீதி இந்து, பௌத்த, கிறிஸ்தவ அயலவர்கள். இந்தக் கலப்பில், பசித்தவன் கையில் சாப்பாட்டுப் பார்சலோடு துண்டுப்பிரசுரத்தையும் திணித்தால் என்ன ஆகும்? இலங்கை அதைப் பார்த்திருக்கிறது. வறுமையைப் பயன்படுத்தி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றி, 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தைக் கோவை, உதவியை எந்த மத நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்தலாகாது என்று வரையறுத்திருந்தது. இந்த விதி தஃவாவுக்கு எதிரி அல்ல. பார்சல் கொடுக்கும்போது பார்சல் மட்டும். பிறகு ஒருநாள் அயலவர் தாமாகக் கேட்டால் நிதானமாகப் பதில். இதுவே மார்க்கத்துக்கும் மரியாதை, வாங்குபவருக்கும் மரியாதை.

கேட்பவருக்குச் சொல்ல ஓர் இடமும் வேண்டும். ஜெர்மனியில் 1997 முதல் ஒவ்வோர் அக்டோபர் 3ஆம் திகதியும் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறக்கின்றன. கொழும்புப் புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளி என்று அழைக்கப்படும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலில் பிற மதத்தாரையும் சுற்றுலாப் பயணிகளையும் உள்ளே அழைத்து விளக்குகிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் நாட்டில் முஸ்லிம் இளைஞர் ஒவ்வொருவரும் சந்தேகக் கண்ணைச் சந்தித்தார்கள். ஒரு சிலர் செய்த கொடுமைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தலைகுனிந்து நடந்தார்கள். கதவைத் திறந்து வைத்து, தொழுகை என்றால் என்ன, குத்பா பிரசங்கத்தில் என்ன பேசுகிறார்கள் என்று காட்டுவதன் அவசியம் அப்போது இன்னும் கூடியது. திருகோணமலையிலோ அதற்கு முந்திய ஆண்டே பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயா பற்றிய சர்ச்சை தமிழ், முஸ்லிம் அயலவர்களுக்கிடையே மனக்கசப்பை ஏற்படுத்தியிருந்தது. அந்தக் கசப்பு அறிக்கைகளால் ஆறாது. ஒன்றாகச் சிரமதானம் செய்தால், ஒரே வரிசையில் இரத்தம் கொடுத்தால், கொஞ்சம் கொஞ்சமாக ஆறும்.

கொவிட் காலத்து நிகழ்வு ஒன்று இதற்குச் சாட்சி. இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் 2020இல் கட்டாயப்படுத்தியபோது முஸ்லிம் சமூகம் பட்ட வேதனை சொல்லில் அடங்காது. 2021 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த மண்ணில் அடக்கப்பட்டன. அவற்றில் சில நூறு இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களுடையவை. ஒரு வருடமளவு அங்கே நின்று வேலை செய்தவர்களில் தொண்டர்கள் பலர். குழி வெட்டும்போது இது யாருக்கான குழி என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டிலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் முஸ்லிம் மாணவர்கள் சென்னைக் கோயில்களைக் கழுவித் துடைத்ததைப் பத்திரிகைகள் எழுதின.

குறை ஒன்றும் உண்டு. நிவாரணப் படங்களில் ஆண்பிள்ளைகளின் முகமே தெரிகிறது. சமைப்பது, பொதி கட்டுவது, பெண்களும் குழந்தைகளும் தங்கும் முகாமில் என்ன தேவை என்று கேட்டறிவது எல்லாம் பெண்பிள்ளைகள் கையில் நடக்கிறது. டெங்குக் காலத்தில் வீட்டுக்குள் போய்த் தாய்மாரோடு பேச அவர்களால்தான் முடியும். சங்க நிர்வாகக் கூட்டத்தில் அவர்களுக்கு ஓர் ஆசனம் கொடுக்கத் தயங்குவது நியாயமில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில பக்கம் நீரில் மூழ்கியது. அதே மாவிலாற்றில்தான் 2006இல் மதகு மூடப்பட்டதிலிருந்து சண்டை வெடித்தது. இம்முறை அந்த வெள்ளம் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற எல்லைகளைப் பார்க்காமல் மூன்று சமூகத்தின் வீடுகளுக்குள்ளும் ஏறியது. அடுத்த மழைக்கு முன் சங்கங்கள் செய்துகொள்ளக்கூடிய வேலைகள் சில உண்டு: பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவோடு தொண்டர் பெயர்ப்பட்டியலைப் பகிர்வது, ஒவ்வொரு மஹல்லாவிலும் முதலுதவி தெரிந்த சிலரை உருவாக்குவது, சேருவிலவிலும் கந்தளாயிலும் போய்ப் பேசுவதற்கு வேண்டிய சிங்களத்தைக் கற்பது.