ஆயிரம் வாட் வேண்டுமா?

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை நண்பர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும், பெண்ணுக்கு வரன் தேடி அலைகிறாரோ, அல்லது வீட்டு மனை வாங்கி ஏமாந்துவிட்டாரோ என்று சந்தேகித்தேன். அவ்வளவு கவலை அதில் குடிகொண்டிருந்தது. விசாரித்ததில், அவர் வாங்க உத்தேசித்திருந்தது ஓர் ஆம்ப்ளிபயர் என்று தெரிய வந்தது!

"இதற்கா இவ்வளவு கவலை?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை கடைக்கு வந்து பாருங்கள், ஸார்! அப்புறம் இப்படிக் கேட்கமாட்டீர்கள்" என்றார்.

விஷயம் இதுதான். நண்பருடைய தகப்பனாருக்கு வயது 82. அறுபது வருஷ காலம் மார்கழிக் கச்சேரிகளை ஒன்றுவிடாமல் கேட்டவர். இப்போது முழங்கால் இடங்கொடுக்கவில்லை. சபாவுக்குப் போவது நின்றுவிட்டது. டெலிபோனிலும் டெலிவிஷனிலும் பாட்டு வைத்தால், "ராகம் தெரிகிறது, சாகித்தியம் புரியவில்லை" என்று கையை விரிக்கிறார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த இசைத்தட்டுகளோ பரணில் தூங்குகின்றன. ஆகவே பிள்ளைகள் மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கிழவருக்கு வீட்டிலேயே கச்சேரி ஏற்பாடு செய்வது என்று தீர்மானித்தார்கள். போன கடையில், "ஆயிரம் வாட்டுக்குக் குறைந்து வாங்கினால் பிரயோஜனமில்லை" என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஆயிரம் வாட் எதற்கு? தேர்த் திருவிழாவுக்கா?" என்றேன்.

இந்த விஷயத்தில் நண்பருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கூட்டுக் குடும்பம்

இசைத்தட்டின் ஊசியிலிருந்தோ குறுந்தட்டிலிருந்தோ வருகிற மின் அலை மிகவும் சோனியானது. அதனால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க முடியாது. அந்த அலையை, அதன் உருவம் சிறிதும் மாறாமல், பெரிதாக்கிக் கொடுப்பதுதான் ஆம்ப்ளிபயரின் வேலை. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. எந்தப் பாட்டைக் கேட்பது, எவ்வளவு உரக்கக் கேட்பது என்று நிர்வாகம் செய்வது முதற்பகுதி. ஸ்பீக்கரைத் தள்ளி இழுக்கும் பாரமான வேலையைச் செய்வது இரண்டாவது பகுதி. இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் இருந்தால் தனிக்குடித்தனம். ஒரே பெட்டியில் இருந்தால் கூட்டுக் குடும்பம். சாதாரண வீட்டுக்கு இந்தக் கூட்டுக் குடும்பமே சிலாக்கியம். இடமும் மிச்சம், கம்பிகளும் மிச்சம், பணமும் மிச்சம்.

இரண்டு ஸ்பீக்கர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற என்ஜினீயர் 1931-ம் வருஷத்தில் ஸ்டீரியோ முறைக்குப் பேடண்டு மனுச் செய்தார். நமக்குக் காது இரண்டு இருப்பதால்தான் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரிகிறது. அந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டு, மேடையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக்கூடக் காதுக்குக் காட்டிவிடலாம் என்று அவர் கண்டார். ஆனாலும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்து பரவியது 1958-ம் வருஷத்தில்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1942-ல் ராடார் சோதனையின்போது விமான விபத்தில் மாண்டு போனார்.

வாட் என்னும் மாயை

இனி வாட் கணக்குக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாட் இரு மடங்கானால் சத்தம் இரு மடங்காகாது. 3 டெசிபெல்தான் ஏறும். சத்தம் இரு மடங்கானது போல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால், சக்தி ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஆகையால் 50 வாட் யந்திரத்துக்கும் 60 வாட் யந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் விலைச் சீட்டில் தெரியுமே தவிர, காதில் விழாது.

ஸ்பீக்கரின் குறிப்புத் தாளில் 87 டெசிபெல் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு வாட் சக்தி கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் கேட்கும் என்று அர்த்தம். 32 வாட் கொடுத்தால் அது 102 டெசிபெல் ஆகிவிடும். அண்டை வீட்டார் கதவைத் தட்டுவதற்கு இது போதும். கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்கும்போது, பெரும்பாலான நேரம் செலவாவது ஒரு வாட்டுக்கும் குறைவுதான். மிருதங்கத்தில் பலமான அடி விழும் நிமிஷத்துக்காகத்தான் மற்ற வாட்டுகளைக் கையிருப்பாக வைத்திருக்கிறோம். கையிருப்பு போதாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சத்தம் கரகரக்கும்.

அப்படியானால் ஆயிரம் என்றும் இரண்டாயிரம் என்றும் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கிறார்களே? அநேகமாக அதற்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்ற நாலெழுத்து மந்திரம் இருக்கும். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கணம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்கள் எல்லை மீறிப் போனதால், 1974-ல் ஆம்ப்ளிபயரின் சக்தியை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசாங்கமே விதி செய்ய நேர்ந்தது. ஆகவே, "இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்யும்போது, 8 ஓமில், தொடர்ந்து எத்தனை வாட்?" என்று கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் நீங்கள் வெளியே வந்துவிடலாம்.

இங்கே ஓம் என்பது பிரணவமல்ல. மின்சாரத்துக்கு ஏற்படும் தடையின் அளவு. 8 ஓம் என்று பெயர் போட்ட ஸ்பீக்கரும் சில ஸ்வரங்களில் 4 ஓம் வரை இறங்கிவிடும். அப்போது ஆம்ப்ளிபயர் அதிக மின்சாரம் கொடுத்தாக வேண்டும். 8 ஓமில் 50 வாட் கொடுக்கும் யந்திரம் 4 ஓமில் 80, 90 வாட் கொடுக்குமானால், அதன் வயிற்றில் சத்து இருக்கிறதென்று நம்பலாம். 1978-ல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்ற யந்திரத்துக்குப் பெயரளவில் 20 வாட்தான். ஆயினும் அது உலகமெங்கும் விற்றுப் பிரசித்தி அடைந்ததற்கு இந்தச் சத்தே முக்கிய காரணம்.

பின்புறத்தையும் பாருங்கள்

முகப்பு அழகைக் கண்டு மயங்கிவிடாமல், யந்திரத்தைத் திருப்பி வைத்துப் பின்புறத்தைப் பாருங்கள். நண்பர் வீட்டுக்கு வேண்டியவை மூன்று: இசைத்தட்டு, டெலிவிஷன், பேரப்பிள்ளைகளின் டெலிபோன். இவற்றில் இசைத்தட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். குறுந்தட்டு யந்திரம் 2 வோல்ட் வரையில் தருகிறது. சாதாரண இசைத்தட்டு ஊசியோ சுமார் 5 மில்லிவோல்ட்தான் தரும்; அதாவது நானூற்றில் ஒரு பங்கு. தவிர, தட்டைச் செதுக்கும்போதே கீழ்ஸ்வரங்களை அடக்கி, மேல்ஸ்வரங்களை எடுப்பாக்கி விடுகிறார்கள். திரும்பக் கேட்கும்போது அதைச் சரிக்கட்ட வேண்டும். இந்த இரண்டு காரியங்களையும் செய்வது 'போனோ' என்று எழுதிய இணைப்பு. அது இல்லாத யந்திரத்தை வாங்கினால், தனியாக இன்னொரு பெட்டி வாங்கும்படி நேரும்.

'மோனோ' என்ற பொத்தான் இருந்தால் இன்னும் விசேஷம். ஜி. என். பி. போன்றவர்களின் பழைய தட்டுகள் ஸ்டீரியோ பரவுவதற்கு முந்தியவை. பொத்தானை அழுத்தி இரு பக்கத்தையும் ஒன்றாக்கினால், தட்டின் கரகரப்பில் ஒரு பகுதி தானே அடங்கிவிடும்.

மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் யந்திரத்தில் இருப்பதே பாவம் என்று சில ரசிகசிகாமணிகள் சொல்வதுண்டு. அவர்கள் காது இளமையானது போலும்! வயதாக ஆக, முதலில் மங்குவது மேல்ஸ்தாயி சத்தங்கள்தான். ச, த, ப முதலிய மெய்யெழுத்துக்கள் அங்கேதான் தெளிவு பெறுகின்றன. கிழவருக்கு ராகம் தெரிந்து சாகித்தியம் புரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். தெளிவைக் கூட்ட வேண்டும். அதற்கு அந்தத் திருகு மிகவும் அவசியம்.

காதே நீதிபதி

கடைக்குப் போகும்போது, உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு யந்திரங்களை ஒப்பிடுகையில் சத்தம் சமமாக இருக்கட்டும். ஒன்று சிறிது உரக்க ஒலித்தாலும் அதுவே நன்றாயிருப்பது போல் காது மயங்கும். இந்த ரகசியம் விற்பனைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்!

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, சத்தத் திருகை மெள்ள மெள்ள ஏற்றி, ஸ்பீக்கர் அருகில் காதை வையுங்கள். மெல்லிய மூச்சுப் போன்ற ஒலி இருந்தால் பாதகமில்லை. 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் பலமாகக் கேட்டால் அந்த யந்திரம் வேண்டாம். சுருதி போடுவதற்குத் தம்பூரா இருக்கிறது. ஆம்ப்ளிபயர் போட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. கையிலுள்ள பணத்தில் பெரும் பங்கை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். நல்ல ஆம்ப்ளிபயர்களுக்குள் உள்ள வித்தியாசம் கொஞ்சம். ஸ்பீக்கர்களுக்குள் உள்ள வித்தியாசம் மிகவும் அதிகம். யந்திரத்துக்குப் பூமிக் கம்பியுள்ள மூன்று முளை இணைப்புக் கொடுங்கள். அதன் தலைமேல் துணி விரித்துப் பூ ஜாடி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் உஷ்ணம் வெளியேற வழி வேண்டும்.

நண்பர் ரிச்சி தெருவில் இரண்டு நாள் சுற்றி, கடைசியில் 40 வாட் யந்திரம் ஒன்றை வாங்கினார். கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். அந்த மிச்சம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போயிற்று.

வைகுண்ட ஏகாதசியன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். பரணிலிருந்து இறங்கிய ஒரு தட்டு சுழன்று கொண்டிருந்தது. பிள்ளைகள் மூவரும் தகப்பனாருக்குக் காது கேட்க வேண்டுமே என்ற ஆவலில், சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்திருந்தார்கள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். அனுபல்லவி முடிந்தது. கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தார்.

"கொஞ்சம் குறையடா! வார்த்தையெல்லாம் கேட்கிறது" என்றார்.