இரண்டு வாளித் தண்ணீரில் காருக்குக் குளியல்

மட்டாஞ்சேரியில் ஹோஸ் பைப்பை மாட்டிக் காரைக் கழுவுவது சுலபம்தான். குழாயில் தண்ணீர் வரவேண்டுமே! 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதாகி, மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றது மறக்கக்கூடியதல்ல. 2024 மார்ச்சில் பெங்களூரில், குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே உத்தரவு வந்தது.

அதற்காகக் கழுவாமலும் விடமுடியாது. கடற்காற்றின் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது முதலுக்கே மோசம்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். முதலில் செம்பால் நீரூற்றி மணலை இளக்கிவிட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பு நீரில் முக்கவேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஒட்டிய மணலே பெயிண்டைக் கீறிவிடும். சக்கரங்களுக்குத் தனித்துணி. சலவைத் தூள் கூடாது. மெழுகுப் பூச்சு போய்விடும். அடிப்பாகத்துக்கு மட்டும் வாளி உதவாது, எப்போதாவது வாட்டர் சர்வீஸுக்கு விடத்தான் வேண்டும்.

கொச்சியில் மார்கழிக் குளிர் பெயருக்குத்தான். மூணாறுக்குச் சவாரி போகிறவர்கள் பாடு வேறு. அங்கே சில விடியற்காலைகளில் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். வெயில் ஏறிய பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, கதவு ரப்பர்களையும் ஈரம் போகத் துடைத்துவிடவேண்டும்.