மருத்துவக் கல்லூரி: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தாயகம் நீங்கி, மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில், மகனோ மகளோ மேல்வகுப்பை எட்டியதும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: மருத்துவப் படிப்புக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது? அலுவலக நண்பர் ஒன்று கூறுவார். ஊரிலிருந்து மாமா தொலைபேசியில் மற்றொன்று கூறுவார். இருவர் கூற்றும் அவரவர் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் உண்மையே. ஆயினும் நம் பிள்ளைக்கு அவை பொருந்தாமற் போகலாம். ஆகவே, நல்ல ஆலோசனை எது, அதை எங்கே பெறுவது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஏற்பாட்டின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே சேர்க்கை நடைபெற்று வந்தது. 2017 முதல் அங்கும் 'நீட்' என்னும் அகில இந்தியத் தேர்வே வாயிலாயிற்று. தேர்வு ஒன்றாயினும் சேர்க்கை ஒன்றன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளின் நூறு இடங்களில் பதினைந்து, அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. எந்த மாநிலத்தில் வாழ்வோரும் அவற்றுக்குப் போட்டியிடலாம். 1984ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலிருந்து பிறந்தது இவ்வேற்பாடு. எஞ்சிய எண்பத்தைந்து இடங்களை அந்தந்த மாநிலம் தன் விதிகளின்படி நிரப்புகிறது. நம்மவர் தடுமாறுவது இந்த எண்பத்தைந்திலேதான்.

மகாராஷ்டிரத்தின் பொதுவிதி, மாணவர் அம்மாநிலத்தில் நிலைத்த குடியுரிமைச் சான்று பெற்றிருப்பதோடு, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே தேறியிருக்க வேண்டும் என்கிறது. தில்லியிலோ பதினொன்றும் பன்னிரண்டும் தில்லிப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும். கருநாடகத்தின் பொதுவிதி அங்கே ஏழாண்டுப் படிப்பைக் கேட்கிறது. மத்திய அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் பிள்ளைகளுக்குச் சில மாநிலங்களில் விலக்குகள் உண்டு.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். மும்பையில் பிறந்து வளர்ந்த மகள் பத்தாம் வகுப்பில் நன்கு தேறுகிறாள். "ஊரில் நல்ல பயிற்சி கிடைக்கும்" என்று யாரோ சொல்ல, பெற்றோர் அவளை நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கின்றனர். அன்றே மகாராஷ்டிரத்தின் பொதுவிதிப்படி அவளுக்கிருந்த உரிமை கைநழுவுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு அங்கே தேறப்போவதில்லை அன்றோ? தமிழகத்திலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குள்ள எளிமை அவளுக்கு இல்லை. தமிழகமே தம் பூர்வீகம் என்பதை வட்டாட்சியர் சான்றிதழாலும் பெற்றோரின் ஆவணங்களாலும் மெய்ப்பித்தாக வேண்டும். அந்த ஆவணங்கள் பழைய ரேஷன் அட்டையோடு எங்கோ தொலைந்திருந்தால் அலைச்சலுக்குக் குறைவிராது. இரு மாநிலங்களில் ஒருங்கே பூர்வீகம் கோருவதையும் விதிகள் ஏற்பதில்லை. மதிப்பெண்ணில் குறையாத பெண், காகிதத்தில் தோற்றுப்போகிறாள்!

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆலோசனை தேவைப்படும் காலம் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவு அன்று. பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்பே. பள்ளி மாற்றுவதற்கு முன்பு கேட்கப்படும் கேள்விக்கே முழுப் பயன் உண்டு.

சாதிச் சான்றிதழிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆந்திரத்திலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்து மாணவர் ஒருவர், தம் சொந்த மாநிலத்துப் பழங்குடிச் சான்றைக் கொண்டு அங்கே மருத்துவ இடம் கோரிய வழக்கில், அச்சலுகை குடிபெயர்ந்த மாநிலத்திற்குத் தொடராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 முதல் அகில இந்திய ஒதுக்கீட்டில் இருபத்தேழு விழுக்காடு உண்டு. ஆனால் அதற்கு மத்தியப் பட்டியலின்படி பெற்ற சான்றே செல்லும்.

எனவே நல்ல ஆலோசகரை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. "மதிப்பெண் எவ்வளவு?" என்று தொடங்குபவரைவிட, "எந்தெந்த வகுப்பை எங்கே படித்தான்? பெற்றோரின் சான்றுகள் எவை?" என்று தொடங்குபவரே மேலானவர். அவர் நினைவிலிருந்து பேசமாட்டார். அவ்வாண்டின் விளக்கக் கையேட்டைத் திறந்து காட்டுவார். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டுக் கையேடுகூட வழிகாட்டியே அன்றி ஆதாரம் ஆகாது. அகில இந்திய இடங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் கையேடும், மாநில இடங்களுக்கு அந்தந்தத் தேர்வுக் குழுவின் கையேடுமே இறுதிச் சொல்.

பாடத்தில் ஐயம் எனில் பள்ளி ஆசிரியரைக் கேட்கலாம். கல்லூரியின் நிலை அறிய அங்கே பயிலும் மாணவரைக் கேட்கலாம். வாய்ப்பை மதிப்பிட, முந்தைய ஆண்டு எந்தத் தரவரிசைவரை இடம் கிடைத்தது என்ற பட்டியலை நாமே பார்க்கலாம்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பலர் ஒரு தவறு செய்கின்றனர். "கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடும்" என்று அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. தரவரிசைக்கு எட்டுவனவற்றுள் நம் பட்டியலில் மேலே நிற்பதே ஒதுக்கப்படும். ஆகவே உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுதல் நன்று. சேர விரும்பாத கல்லூரியை எழுதாதிருப்பதும் நன்று. அகில இந்தியக் கலந்தாய்வின் முதற் சுற்றில் கிடைத்ததை விட்டு விலகலாம். பின்னைய சுற்றுகளில் விலகினால் வைப்புத்தொகை பறிபோகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "பணம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்பவர் ஆலோசகர் அல்லர். நிர்வாக ஒதுக்கீட்டு இடமாயினும், வெளிநாடு வாழ் இந்தியருக்கான இடமாயினும், 'நீட்' தகுதியும் கலந்தாய்வும் இன்றிச் சேர்க்கை கிடையாது. விற்கும் அதிகாரம் இல்லாத பொருளை அவர் விற்கிறார்.

வீட்டில் ஒரு கோப்பைத் திறந்து வைப்போம். பிள்ளையின் ஒவ்வொரு வகுப்புச் சான்று, பெற்றோரின் பள்ளிச் சான்று, பூர்வீகச் சான்று ஆகியவற்றை இன்றே அதில் சேர்ப்போம். தந்தை வேலைக்காக மாநிலம் கடந்தது பிழையன்று. அதன் விலையைப் பிள்ளை அறியாமையால் செலுத்தாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.